டிரான்டர் அலை

முதலில் சீப்பின் கூர்வாலால் வகிடு எடுக்க வேண்டும். வகிட்டில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளியின் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் உலோகக் கிண்ணம். அதன் மேல் பசையில் முக்கிய துணித் துண்டு. பிறகு பசை இறுகும் வரை காற்றுக் குழாயால் ஊத வேண்டும். இப்படி இருபத்தொரு தடவை. ஐந்தாம் நாள் பசை விட்டுப்போகும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை க்ளெனிஸ் டிரான்டர் பதினேழாவது கிண்ணத்தில் இருந்தாள். படுக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஒன்பது வயது சியாலேக்கு முடி அடர்த்தி. வகிடு எடுத்த கையோடு மூடிக்கொண்டது.

"ஐயே, நாறுது" என்றாள் சியாலே.

"எது, உன் தலையா என் பசையா?"

"பசைதான்!"

"அப்ப சரி. பசைன்னா கழுவிடலாம்."

நாற்காலியில் இருந்த தாய் லெசியேலி, டோங்காத் தீவுக்காரி, சிரித்தாள். "டாக்டரம்மா, நேத்துக்கூட இவ அண்ணன் போன்ல கேக்குறான், தலையில என்ன, கோழிப்பண்ணை வச்சிருக்கியான்னு."

"நான் அந்த மாதிரி டாக்டர் இல்லம்மா. க்ளெனிஸ்னு கூப்பிடுன்னு சொன்னேனே."

"சரிங்க டாக்டரம்மா."

க்ளெனிஸ் விட்டுவிட்டாள். ஐந்து நாளாக இதே பேச்சு.

மெல்பர்னின் கிழக்குப் பக்கத்தில் இருந்த அந்த மருத்துவமனையில் வலிப்புப் பதிவு வார்டு என்பது மூன்றாம் மாடியில் ஆறு படுக்கைகள். நோயாளி தலையில் கிண்ணங்களோடு படுத்திருப்பார். கிண்ணங்களிலிருந்து போகும் கம்பிகள், மூளையில் ஓடும் மின்சாரத்தைப் பக்கத்து அறைத் திரையில் இருபத்தொரு கோடுகளாக வரையும். சுவரில் இருக்கும் கேமரா முகத்தைப் படம் பிடிக்கும். வலிப்பு எப்போது வருமென்று காத்திருப்பதுதான் வார்டின் வேலை. மற்ற வார்டுகளில் எது வரக்கூடாது என்று மருந்து கொடுக்கிறார்களோ, அது இங்கே வரவேண்டும் என்று மருந்தைக் குறைப்பார்கள். வலிப்பு மூளையில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை வெட்டி எடுக்கலாம். தெரியாமல் வெட்ட முடியாது.

க்ளெனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. கிண்ணம் ஒட்டுவதற்கு இரண்டு பேர் சம்பளத்துக்கு இருந்தார்கள். ஆனாலும் கடினமான தலை வந்தால் அவளே ஒட்டுவாள். "ஒட்டினது சரியில்லன்னா அப்புறம் நான் படிக்கிறது எல்லாம் பொய்" என்பாள்.

அவள் பிறந்தது ஹோப்டவுனில். அப்பா கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறவர். அவளுடைய படிப்பு பத்தாவதோடு நின்றது. பதினெட்டு வயதில் பல்லாரத்துக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போனாள். பயிற்சி முடிந்ததும் அனுப்பியது, வலிப்பு நோயாளிகளை வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்த ஒரு விடுதிக்கு. எண்பது பெண்கள், இரவு பகல் நான்கு நர்ஸுகள். விழுந்தவளை ஒருக்களித்துப் படுக்க வை, வாயைத் துடை, கடிகாரத்தைப் பார், ஈரத்துணியை மாற்று. அப்புறம் தடித்த நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போடு. இதுதான் வேலை. ஐந்து வருடம் செய்தாள். முதுகு போனது, ஆனால் யார் எப்படி விழுவார்கள் என்பது அத்துபடியானது.

பிறகு விடுதிக்கு ஒரு பதிவு இயந்திரம் வந்தது. எட்டுப் பேனாக்கள், ஓடும் காகிதம். மற்ற நர்ஸுகள் அதைத் தொடப் பயந்தார்கள். க்ளெனிஸ் கையேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தாள். ஆறு மாதம் இயந்திரத்தை ஓட்டியபின், நோட்டில் இருந்த கோடுகளையும் காகிதத்தில் இருந்த வலிப்புகளையும் எண்ணிப் பார்த்தாள். காகிதத்தில் மூன்று மடங்கு இருந்தது. சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நர்ஸுகள் நினைத்த நேரத்திலெல்லாம் பாதிப் பேருக்கு வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்படித் தவறவிட்டவர்களில் அவளும் சேர்த்தி.

கண் தவறவிடும், பேனா தவறவிடாது. இருபத்தாறு வயதில் அவளுக்கு விழுந்த எண்ணம் இது. இதை வைத்துக்கொண்டுதான் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள், டிராம் ஓட்டுநர் கீத்தைக் கட்டிக்கொண்டாள், பிள்ளை ஒன்றைப் பெற்றாள், நாற்பத்தொன்பது வயதில் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கினாள். பட்டத்துக்கு எழுதியது பதினான்கு குழந்தைகளைப் பற்றி. வலிப்பு வருவதற்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் முன்னால், வலிப்பு பிறக்கப்போகும் பக்கத்தில், நொடிக்கு இரண்டு வீதம் மெதுவான ஓர் அலை தோன்றுகிறது என்று அவள் காட்டினாள். அதற்கு முன் யாரும் அதைக் கவனித்ததில்லை. பாடப்புத்தகத்தில் இரண்டு பத்தி இடம் கிடைத்தது. வார்டில் அதன் பெயர் டிரான்டர் அலை. "இன்னைக்கு உன் அலை எப்படி, நீச்சல் அடிக்கலாமா?" என்று கீத் பல வருடமாகக் கேட்டு வந்தான். அவளும் அலுக்காமல் சிரித்து வந்தாள்.

சியாலேக்கு நான்கு வயதிலிருந்து வலிப்பு. வாரத்துக்குப் பத்து, பன்னிரண்டு. ஐந்து மருந்து பார்த்தாகிவிட்டது. பள்ளிப் படிக்கட்டில் விழுந்து முன்பல் இரண்டு போனது. ஸ்கேன் படத்தில் மூளை சுத்தமாக இருந்தது. வடு இல்லை, கட்டி இல்லை. பதிவில் வலிப்பு தொடங்கிய உடனே மூளை முழுக்கப் பரவிவிட்டது. பிறந்த இடம் எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒன்றே ஒன்றுதான். வார்டில் இதுவரை வந்த நான்கு வலிப்புகளிலும், இரண்டு நிமிடம் முன்னால், தலையின் வலது பின்பக்கத்தில் டிரான்டர் அலை அழகாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அறுவை. வலது பின்பக்கத்தில் ஒரு துண்டை எடுப்பார்கள். எடுத்தால் இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போகும். இடது பக்கமிருந்து வரும் கார் தெரியாது, படிக்கும்போது வரியின் தொடக்கம் தெரியாது. அறுவை மருத்துவர் ஃபெர்கஸ் டெலஹன்டி இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். லெசியேலி சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேவாலயத்து ஆட்களோடு ஜெபம் செய்துவிட்டுத் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டாள். ராபின்வேலில் பழம் பறித்துக்கொண்டிருந்த கணவன் போனிலேயே சரி என்றான்.

இருபத்தொன்றாவது கிண்ணத்தை ஒட்டிவிட்டு, க்ளெனிஸ் சியாலேயைப் படுக்க வைத்தாள். பிராணவாயுக் குழாயும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இடது சுவரில் இருந்தன. அதனால் தாயின் நாற்காலி எப்போதும் வலது பக்கம். நாற்காலிக்கு மேலே சுவரில் க்ளெனிஸ் எட்டு வருடத்துக்கு முன் மாட்டிய பலகை இருந்தது: பதிவு நடக்கும்போது குழந்தையைத் தொடாதீர்கள். கம்பி ஆடினால் கோடு ஆடும். அதற்காகத்தான்.

"அம்மா, அந்தப் பாட்டைப் பாடாத, சரியா?" என்றாள் சியாலே. "நர்ஸ் எல்லாரும் எட்டிப் பாக்குறாங்க."

"நான் பாடினா தேவதூதனே எட்டிப் பாப்பான். நீ யாருடி நிறுத்த."

க்ளெனிஸ் பக்கத்து அறைக்குப் போகவில்லை. தலையணை உறை எச்சிலில் நனைந்திருந்தது கண்ணில் பட்டது. நனைந்த உறையில் குழந்தையைக் கிடத்தினால் கன்னம் புண்ணாகும். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைவிடத் தானே மாற்றிவிடலாம் என்று அலமாரியிலிருந்து உறையை எடுத்துவந்தாள். வந்தபோது சியாலே பேசுவதை நிறுத்தியிருந்தாள். லெசியேலி மட்டும் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்திருந்தாள்.

க்ளெனிஸ் குழந்தையின் தலைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கி, தலையணையை உருவினாள். அடியில் லெசியேலியின் கை இருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி, நான்கு விரலும் சேர்ந்து பாட்டின் தாளத்துக்கு மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டிருந்தது. தலையணை போன பிறகும் இரண்டு தடவை தட்டியது. பிறகு நின்றது.

"மன்னிச்சிடுங்க டாக்டரம்மா" என்றாள் லெசியேலி. "பலகையைப் படிச்சேன். குழந்தையைத் தொடல. தலையணையைத்தான் தொட்டேன்."

"எதுக்குத் தட்டுறே?"

"இவளுக்கு வரப்போகுது."

"என்ன வரப்போகுது?"

"வலிப்புத்தான். வரப்போறப்ப தட்டினா பயப்பட மாட்டா. சின்னதுலேர்ந்து அப்படித்தான்."

க்ளெனிஸ் சியாலேயின் முகத்தைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. நிறம் மாறவில்லை, உதடு துடிக்கவில்லை. "நல்லாத்தானே இருக்கா?"

"இல்ல. முகம் தூரமாப் போயிடுச்சு, பாருங்க."

பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது மணி ஆறு நிமிடம். ஒன்பது ஏழுக்குச் சியாலேயின் தலை திரும்பியது, கை விறைத்தது, வலிப்பு வந்தது.

இந்த இடத்தில் யோசிக்க நேரமில்லை. ஒருக்களிக்க வைத்து, வாயோரம் வழிந்ததை உறிஞ்சி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, நேரம் பார்த்தாள். ஒன்றரை நிமிடம். ஈரமான கீழ்த்துணியை மாற்றி, புதுத் தலையணையில் கிடத்தினாள். குழந்தை குறட்டை விட்டுத் தூங்கியது. அதன் பிறகுதான் பக்கத்து அறைக்குப் போய்த் திரையைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள்.

வலது பின்பக்கக் கோடுகளில் டிரான்டர் அலை இருந்தது. நொடிக்கு இரண்டு. தலையணையை உருவிய நொடியில் அறுந்து நின்றிருந்தது.

கேமரா நாடாவையும் ஓட்டினாள். படத்தில் சியாலேயின் முகம் தெரிந்தது, போர்வை தெரிந்தது, லெசியேலியின் தோள் ஓரமாகத் தெரிந்தது. கை தெரியவில்லை.

திரும்பி வந்தாள். "எழுந்து அந்தப் பக்கம் போம்மா கொஞ்சம்." நாற்காலியில் தான் உட்கார்ந்து, தூங்கும் குழந்தையின் தலையணைக்கு அடியில் தன் கையை விட்டுத் தட்டினாள். இருபது எண்ணும் வரை தட்டி, இருபது எண்ணும் வரை நிறுத்தி, மூன்று தடவை. போய்ப் பார்த்தாள். தூங்கும் மூளையின் கோடுகளுக்கு நடுவே மூன்று இடத்தில் அவளுடைய அலை, மூன்று இடத்தில் வெறுமை.

லெசியேலி வாசலில் நின்றாள். "ஏதாவது கெடுத்துட்டேனா?"

"தெரியல" என்றாள் க்ளெனிஸ். "சாப்பிட்டுட்டு வா. மத்தியானம் சொல்றேன்."

பழைய காகிதப் பதிவுகள் அடித்தளத்தில் இருந்தன. அங்கே பொறுப்பில் இருந்தவர் சார்லி கவுச்சி, மால்டாக்காரர், காலில் வாதம், வாயில் ஓயாத பேச்சு.

"என்ன க்ளெனிஸ், உன் ஓய்வு விருந்துக்கு அழைப்பா?"

"டிசம்பர்ல. இப்ப எனக்கு எழுபத்தொன்பதுலேர்ந்து எண்பத்துமூணு வரைக்கும் காகிதம் வேணும். என் பதினாலு பேரு."

"ஒவ்வொண்ணும் ஒரு டெலிபோன் டைரக்டரி கனம். என் முட்டி தாங்காது."

"நீ காட்டு, நான் தூக்குறேன். என் முட்டி உன் முட்டியைவிட நல்லாருக்கு."

"வாயும்தான்" என்று சொல்லிச் சாவியை எடுத்தார்.

அந்தக் காலத்தில் திரை கிடையாது. இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், காகிதம் ஓட ஓட, ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டே போவார்: கண் மூடினாள், விழுங்கினாள், இருமினாள், கதவு சாத்தியது. எதனால் கோடு ஆடியது என்று பின்னால் படிப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. அந்தப் பதினான்கு குழந்தைகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது வேறு யாரும் இல்லை, க்ளெனிஸ்தான். பிறகு ஆராய்ச்சிக்காக அலை இருந்த பகுதிகளை மட்டும் புகைப்படம் எடுத்தார்கள். புகைப்படச் சட்டத்துக்குள் இருபது கோடு அடங்க வேண்டும் என்பதால் ஓரங்களை வெட்டிவிட்டார்கள். அளந்தது, கணக்குப் போட்டது, கட்டுரையில் அச்சானது எல்லாம் அந்தப் புகைப்படங்கள்தான். மூலக் காகிதத்தை அதன் பிறகு அவள் திறக்கவே இல்லை.

முதல் கட்டைத் திறந்தாள். நான்கு வயதுப் பையன், ஒன்றாம் படுக்கை. அலை தொடங்கும் இடத்தில், ஓரத்தில், அவளுடைய சாய்ந்த கையெழுத்து: அம்மா தட்டுகிறார்.

இரண்டாவது: அம்மா தலையணையைச் சரிசெய்கிறார், தட்டுகிறார். மூன்றாவது: அப்பா தட்டுகிறார். பதினான்கில் பதினொன்றில் இருந்தது. மூன்றில் இல்லை. அந்த மூன்றில் என்ன நடந்தது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஓரத்தில் படுக்கை எண்ணும் எழுதியிருந்தது. பழைய கோப்பு உறை ஒன்றைக் கிழித்து அதன் அட்டையில் இரண்டு பத்தியாக எழுதினாள். அலை வலது பக்கம் வந்த ஒன்பது குழந்தைகளும் ஒன்றிலிருந்து நான்கு வரையான படுக்கைகள். நாற்காலி வலது பக்கம். இடது பக்கம் வந்த ஐந்து பேரும் ஜன்னலோரம், ஐந்தும் ஆறும். அங்கே குழாய்கள் வலது சுவரில், நாற்காலி இடது பக்கம். குழந்தை தாயின் பக்கம் தலையைச் சாய்க்கும். சாய்த்த பக்கத்துக் கிண்ணங்கள் தலையணையில் அழுந்தும். அழுந்தியவை ஆடும்.

அலை வந்த பக்கமும் வலிப்பு பிறந்த பக்கமும் ஒன்றா என்று எண்ணிப் பார்த்தாள். பதினான்கு பேரில் எட்டுப் பேருக்குப் பக்கம் பொருந்தியிருந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் ஏழு பொருந்தும். அப்போது அவளுக்கு எட்டு போதுமானதாக இருந்திருக்கிறது.

"என்ன, பேயைப் பாத்த மாதிரி இருக்கே?" என்றார் சார்லி.

"என் கையெழுத்தைப் பாத்தேன்."

"அசிங்கமாத்தான் இருக்கும். டீ போடவா?"

"போடு. சர்க்கரை ரெண்டு."

டீயைக் குடித்தாள். குடித்து முடித்ததும் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஃபெர்கஸ் டெலஹன்டியைத் தேடிப் போனாள். அவர் அறுவை முடித்து, தொப்பி கழற்றாமல், நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பயிற்சி மருத்துவராக அவர் வந்த முதல் வாரத்தில் வலிப்பு வந்த ஒரு நோயாளியின் வாயில் கரண்டியைத் திணிக்கப் போய், க்ளெனிஸிடம் புறங்கையில் அடி வாங்கியவர்.

அவள் சொல்லி முடித்ததும் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"க்ளெனிஸ், இருங்க. அலை இல்லவே இல்லங்கறீங்களா?"

"அலை இருக்கு. மூளையில இல்ல. தலையணையில இருக்கு."

"எட்டு வருஷமா நான் உங்க அலையைப் பாத்து..."

"அதைத்தான் கேக்க வந்தேன். எத்தனை பேரை வெட்டினே, அதைப் பாத்து?"

அவர் யோசித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து யோசித்தார். "இருபத்திரண்டு பேருக்கு அலை இருந்துது. ஆனா எல்லாருக்கும் ஸ்கேன்ல வடு இருந்துது, இல்ல கட்டி இருந்துது. அலை கூட ஒரு சாட்சி, அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி யாரையும் தொட்டதில்ல." ரொட்டியைத் தள்ளி வைத்தார். "இந்தப் பொண்ணுதான் முதல்."

"அந்த இருபத்திரண்டையும் நான் திரும்பப் பாக்குறேன். ஒவ்வொண்ணா. ஆனா அது அப்புறம். வெள்ளிக்கிழமை வேணாம்."

"நாளைக்கு மத்தியானம் கூட்டம். பத்துப் பேரு உக்காந்திருப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"நான் சொல்றேன், நீ ரொட்டியைத் தின்னு."

"ஓய்வுக்கு நாலு மாசம் இருக்கு" என்றார் டெலஹன்டி. குரலில் கேலி இல்லை. "புத்தகத்துல உங்க பேரு இருக்கு. நீங்களே அடிக்கறீங்களே."

"அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கப் பார்வை போகும் ஃபெர்கஸ். பேரு போனா எனக்கு எது தெரியாமப் போயிடும்?"

அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "அப்ப எங்கேர்ந்துதான் வருது அவளுக்கு?" என்றார்.

"அதுக்கு நல்ல பதிவு ஒண்ணு வேணும். ஒருத்தரும் தட்டாத பதிவு."

லெசியேலியிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சியாலே தூங்கி எழுந்து, முன்பல் இல்லாத வாயால் வாழைப்பழத்தை ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். க்ளெனிஸ் படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து, அலை என்றால் என்ன, அது யார் கையிலிருந்து வந்தது, வெள்ளிக்கிழமை அறுவை ஏன் நடக்காது என்று சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

லெசியேலி தன் வலது கையைப் பார்த்தாள். "இதை நம்பியா இவ தலையை வெட்ட இருந்தீங்க?"

"ஆமா."

"நான் ஜெபம் பண்ணிக் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும். தப்பு உன்னோடது இல்ல. பலகையை மாட்டினது நான். மாட்டாம இருந்திருந்தா நீ எல்லார் கண்ணு முன்னாலயும் தட்டியிருப்பே, ஒருத்தராவது பாத்து எழுதியிருப்பாங்க."

"எனக்குக் கோவம் வருது டாக்டரம்மா."

"வரட்டும். வர வேண்டியதுதான்."

 சியாலே குறுக்கிட்டாள். "அப்ப எனக்குக் கண்ணு போகாதா?"

"வெள்ளிக்கிழமை போகாது. அதுக்கப்புறம் என்னன்னு தெரியல. தெரிஞ்சதும் மொதல்ல உன்கிட்டதான் சொல்வேன்."

"அம்மாகிட்ட?"

"ரெண்டாவது."

லெசியேலி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். க்ளெனிஸ் அவள் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு கேக்கணும். வரப்போகுதுன்னு உனக்கு எப்படித் தெரியுது? முகம் தூரமாப் போகுதுன்னியே. எனக்கு ஒண்ணும் தெரியல. முப்பத்தேழு வருஷம் இதையே பாத்தவ நான்."

"எப்படிச் சொல்றது. வீட்டுல இருக்கறவங்க திடீர்னு ஊருக்குக் கிளம்பற மாதிரி. கண்ணு இங்கேயே இருக்கும். ஆள் செருப்பு மாட்டிக்கிட்டிருப்பா."

"எத்தனை தடவை தப்பாப் போயிருக்கு?"

"தப்பாப் போனதில்ல. சில தடவை நான் அடுப்படியில இருப்பேன். பாத்திருக்க மாட்டேன். பாத்தா தப்பாது."

க்ளெனிஸ் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள், அட்டையின் பின்பக்கத்தில். அந்தப் பதினொரு குழந்தைகளின் தாய்களும் தகப்பன்களும் வலிப்புக்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் தட்டத் தொடங்கியிருந்தார்கள். அவர்களும் வரப்போவதை அறிந்திருந்தார்கள்; நேரம் அந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் சரியாகவே இருந்தது.

"நாளைக்குக் காலையில நீ நாற்காலியைச் சுவரோரம் போட்டு உக்காரணும். கையில ஒரு பொத்தான் கொடுப்பேன். இவ செருப்பு மாட்டுறான்னு தெரிஞ்சதும் அழுத்து. அவ்வளவுதான். எழுந்து வரக்கூடாது, தட்டக்கூடாது. விழுந்தா பாத்துக்க நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"அவ பயப்படுவா."

"பாட்டுப் பாடு. பாட்டு கம்பியை ஆட்டாது."

"ஐயோ" என்றாள் சியாலே.

வீட்டில் கீத் ஆட்டுக்கறி வறுத்து வைத்திருந்தான். அவள் சாப்பிட்டபடியே சொன்னாள். அவன் முட்கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஆக, நீச்சல் அடிக்கத் தண்ணியே இல்லங்கறே" என்றான் கடைசியில். "இல்ல" என்றாள். அவன் எழுந்துபோய் இன்னொரு துண்டு கறியை அவள் தட்டில் வைத்தான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சாப்பாட்டு மேசையிலேயே கட்டுரை வெளியான இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாள். ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வார்டில் இருந்தாள். இருபத்தொரு கிண்ணத்தையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, தளர்ந்திருந்த இரண்டைத் திரும்ப ஒட்டினாள். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். பொத்தானை லெசியேலியின் கையில் கொடுத்தாள். சக்கரமேசையில் ஒரு திரையை வைத்து, படுக்கை அருகிலேயே நின்றாள்.

எட்டு மணி, எட்டரை, ஒன்பது. சியாலே வண்ணப் புத்தகத்தில் ஒரு சுறாவுக்கு ஊதா நிறம் தீட்டினாள். "சுறா ஊதாவாடி?" என்று லெசியேலி சுவரோரத்திலிருந்து கேட்டாள். "டோங்காச் சுறா ஊதாதான், நீதான் பாத்ததில்ல" என்று இவள் சொன்னாள். ஒன்பதே காலுக்குக் கொஞ்சம் முன்னால் கிரேயான் நின்றது. லெசியேலி பொத்தானை அழுத்தினாள். க்ளெனிஸ் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். இன்றும் ஒன்றும் தெரியவில்லை.

லெசியேலி பாடினாள்.  பொத்தான் பிடிக்காத கை முழங்காலில் தட்டத் தொடங்கியது. அவளே பார்த்து அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் சியாலே, மெதுவாக.

"இங்கதான் இருக்கேன்."

திரையில் வலது பின்பக்கம் அமைதியாக இருந்தது. ஒரு நிமிடம் ஐம்பது நொடி கழித்து இடது காதுக்கு மேலே இரண்டு கோடுகளில் கூர்கூராக எழுந்தது. எழுந்த வேகத்தில் மூளை முழுக்கப் பரவியது. இதற்கு முந்தைய பதிவுகளில் அந்த இரண்டு கோடுகளை யாரும் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் அலையின் மேல் இருந்தது.

க்ளெனிஸ் குழந்தையை ஒருக்களிக்க வைத்தாள், வாயைத் துடைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். முடிந்ததும் நிமிர்ந்து, "இடது பக்கம்" என்றாள். "ஒண்ணு போதாது, இந்த மாதிரி இன்னும் மூணு வேணும். ஆனா வலது பக்கம் இல்ல."

லெசியேலி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், கால் சுவரோரத்திலேயே. "இப்ப தட்டலாமா?"

"தட்டு."

நாற்காலியை இழுத்துவந்து, உட்கார்ந்து, கையைத் தலையணைக்கு அடியில் விடப்போனவள், சுவரில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, குழந்தையின் முதுகிலேயே கையை வைத்துத் தட்டினாள். திரையில் வலது பின்பக்கக் கோடுகள் ஆடத் தொடங்கின. க்ளெனிஸ் மேசையில் இருந்த விசைப்பலகையை இழுத்து, ஓடும் பதிவில், நேரத்துக்கு நேரே தட்டெழுதினாள்: 9.19, அம்மா தட்டுகிறார். பிறகு காய்ந்த உறை எடுத்துவர அலமாரிக்குப் போனாள்.